இரண்டு சாட்சி வைத்த இரகசியம்

எங்கள் வீட்டு றங்குப்பெட்டியில் அளவெட்டி வளவின் உறுதி, அதாவது காணிப் பத்திரம், இருக்கிறது. அம்மாவின் சீதன உறுதி இருக்கிறது. புத்தூரில் பங்கு பிரிபடாமல் கிடக்கும் தோட்டத் துண்டொன்றின் உறுதியும் இருக்கிறது. அவற்றுக்கு மேலே, அதே சிவப்பு நாடாவால் கட்டப்பட்டு, நான் இணையத்தளம் வடிவமைக்கத் தொடங்கிய காலத்தில் கையெழுத்து வைத்த இரகசியக்காப்பு ஒப்பந்தம் இருக்கிறது. இந்தத் தொழிலில் உள்ள வேறு யாரும் அப்படியொரு தாளைக் காணி உறுதிகளோடு சேர்த்துப் பூட்டி வைத்திருக்க மாட்டார்கள். பூட்டியது நானில்லை, அப்பா.

அப்பா நாற்பது வருடம் ஒரு நொத்தாரிசின் கந்தோரில் கிளாக்கராக இருந்தவர். காணி விற்க வந்தவர்களும் சீதனம் எழுத வந்தவர்களும் சொல்லச் சொல்ல உறுதி எழுதியது அவருடைய கை. கடைசியில் கையெழுத்து வைத்து முத்திரை குத்தியது நொத்தாரிசு. ஓய்வு பெற்ற பிறகும் விடிய எழும்பிக் குளித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு, பேனையைப் பொக்கற்றில் செருகிக்கொண்டு விறாந்தைக் கதிரையில் வந்து இருப்பார். போவதற்குத்தான் இடமில்லை. பேச்சிலும் உறுதிதான். மூக்குக்கண்ணாடி எங்கே என்று கேட்டால், "மேசையிலை, வடக்கு எல்லை பேப்பர், தெற்கு எல்லை செம்பு, அதுக்குள்ளை கிடக்கு" என்பார். எனக்குச் சிரிப்பாகவும் சில நாட்களில் எரிச்சலாகவும் இருக்கும்.

நான் முன்னறையில் ஒரு மேசையைப் போட்டு, யாருக்கும் ஊழியராக இல்லாமல், கிடைத்த வேலைகளைச் செய்துகொண்டிருந்தேன். அப்போதுதான் கடல் தாண்டிய ஊரொன்றில் சிறிய நிறுவனம் நடத்திய ஒரு பெண்மணி என்னைக் கண்டுபிடித்தார். அந்த ஊர்க் கடைக்காரர்கள் அவரிடம் இணையத்தளம் கேட்பார்கள். அவர் எனக்கு அனுப்புவார், நான் செய்து கொடுப்பேன், அவர் அதைத் தன் நிறுவனத்தின் வேலையாக ஒப்படைப்பார். ஒளிவு மறைவில்லாமல் இதை முதல் நாளே சொல்லிவிட்டார். யாருக்குச் செய்கிறேன், என்ன செய்கிறேன் என்று நான் எவருக்கும் சொல்லக்கூடாது. செய்ததை என்னுடையதென்று காட்டக்கூடாது. எங்கள் வேலைத் தொடர்பு முடிந்த பிறகும் மூன்று வருடத்துக்கு அந்தக் கட்டு இருக்கும்.

திரையில் ஒரு கட்டத்துக்குள் பெயரைத் தட்டி, ஒரு பொத்தானை அமத்தினால் காரியம் முடிந்தது. நான் அமத்தப் போன நேரம் அப்பா வாசலில் நின்றார்.

"என்ன பிள்ளை உது?"

"வேலைக்கு ஒரு ஒப்பந்தம் அப்பா."

"வாசிச்சனியோ?"

"மேலோட்டமா."

அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருக்கக்கூடாது. காணி உறுதியை மேலோட்டமாக வாசித்ததால் கிணற்றுப் பங்கை இழந்தவர்களின் கதை ஒன்றல்ல, நாலைந்து வந்தது. பிறகு என்னைச் சந்தியில் இருந்த கொமினிக்கேசன் கடைக்கு அனுப்பி எட்டுப் பக்கத்தையும் அச்சடித்து வரச்செய்தார். இரண்டு நாள் விறாந்தையில் இருந்து வாசித்தார். சட்ட ஆங்கிலம் அவருக்கு என்னைவிட நன்றாக விளங்கும். மூன்றாம் நாள், "எழுத்து நேர்மையான எழுத்து. வைக்கலாம்" என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அதற்குள் அடுத்தது வந்தது.

"சாட்சி ரண்டு பேர் வேணும்."

"அப்பா, இது இரகசிய ஒப்பந்தம்."

"இருக்கட்டன். சாட்சியில்லாத எழுத்து எழுத்தே?"

ஒரு சாட்சி அவரே. மற்றதற்கு ஒருவரைக் கூட்டி வந்தார். நொத்தாரிசின் கந்தோருக்கு அடுத்த கடையில் தைத்துக்கொண்டிருந்த தையல்காரர் அவர். கந்தோரில் சாட்சிக்கு ஆள் குறைந்த போதெல்லாம் ஊசியை வைத்துவிட்டு எழும்பி வந்து கையெழுத்து வைத்துப் பழகியவர். அன்றும் கழுத்தில் அளவு நாடாவோடு வந்து, அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து, எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டு வைத்துவிட்டுப் போனார். என்ன ஒப்பந்தம் என்று வாயால் கேட்கவில்லை. தலைப்பை மட்டும் எழுத்துக்கூட்டி வாசித்ததை நான் கண்டேன்.

ஊரில் அவரிடம் சட்டை தைக்காத பெண் கிடையாது. பொழுது படுவதற்குள் ஒழுங்கை முழுவதற்கும் தெரிந்துவிட்டது, கிளாக்கரின் மகள் வெளிநாட்டோடு ஏதோ இரகசியம் எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்று. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வளவை ஈடு வைத்துவிட்டேன் என்று ஒரு கதை. மூன்றாம் வீட்டு மாமி நேரே வந்து அம்மாவிடம், "கலியாண எழுத்து முடிஞ்சுதாமே, மாப்பிள்ளை எந்த நாடு?" என்று கேட்டார். உலகத்திலேயே இரகசியக்காப்பு ஒப்பந்தத்தை ஊருக்கெல்லாம் தெரியப்படுத்திக் கையெழுத்து வைத்த குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். நான் அப்பாவோடு இரண்டு நாள் கதைக்கவில்லை.

என் கையெழுத்தோடு இரண்டு சாட்சிக் கையெழுத்தும் வைத்த தாளைப் படமெடுத்து அனுப்பியபோது அந்தப் பெண்மணி திகைத்துப்போனார். இத்தனை வருடத்தில் யாரும் தனக்கு இப்படி அனுப்பியதில்லை என்று எழுதினார். என்னை அவர் முழுதாக நம்பியது அன்றைக்குத்தான் என்று பிறகு சொன்னார்.

அதன் பின்னான வருடங்களைத்தான் இப்போது அடிக்கடி நினைக்கிறேன். என் வாழ்க்கையில் நல்ல காலம் எதுவென்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். காலையில் யன்னலைத் திறந்தால் பின்வளவுப் பக்கமிருந்து யாரோ தவில் சாதகம் பண்ணும் சத்தம் வரும். காணொளியில் கதைக்கும்போது அந்தப் பெண்மணி, உங்கள் பக்கத்தில் வீடு கட்டுகிறார்களா என்று ஒருமுறை கேட்டார். ஒழுங்காக விளக்கம் சொல்ல ஆங்கிலம் போதாமல் நான் ஓமென்றேன். அந்த வீடு ஐந்து வருடமாகக் கட்டி முடியவில்லை.

அப்பா ஒப்பந்தத்தை என்னைவிடக் கடுமையாகக் காத்தார். முன்னறையைக் கடப்பதென்றால் முதலில் செருமுவார். நான் திரையைத் திருப்பும்வரை நின்று, பிறகு எதிர்ச் சுவரைப் பார்த்தபடி போவார். அந்தச் சுவரில் பழைய கலண்டர் ஒன்றைத் தவிர வேறொன்றும் இல்லை. அம்மா எதிலும் கையெழுத்து வைக்காதவர். அவருக்கு ஒரு கட்டும் இல்லை. தேத்தண்ணியோடு வந்து எனக்குப் பின்னால் நின்று, "உந்தப் பச்சை வாடின கீரை மாதிரிக் கிடக்கு, மாத்து" என்பார். மாற்றினால் உண்மையிலேயே நன்றாக இருக்கும்.

"இஞ்சாரும், அங்கை நிண்டு என்ன பாக்கிறீர்?" என்று விறாந்தையிலிருந்து குரல் வரும்.

"தேத்தண்ணி குடுக்கிறன்" என்பார் அம்மா.

"தேத்தண்ணி குடுக்க இவ்வளவு நேரமோ?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். எனக்கும் சிரிப்பு வரும். ஆனால் உள்ளுக்குள் ஒன்று உறுத்திக்கொண்டேயிருந்தது. நான் செய்வது நல்ல வேலை என்று எனக்குத் தெரியும். கதிரை திருத்துகிற ஒரு கடைக்குச் செய்தேன். நீச்சல் பழக்கும் பள்ளி ஒன்றுக்குச் செய்தேன். சின்னத் தீவு ஒன்றுக்குப் படகு விடுகிறவர்களுக்குச் செய்ததுதான் எனக்கு உயிர். அதற்கு வேண்டிய நீலத்தைக் கீரிமலையில் நின்று கடலைப் பார்த்துப் பிடித்து வந்தேன். அதை வேறு யார் பார்க்காவிட்டாலும் அப்பா பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். எழுத்துப் பிழை, கோடு பிசகு எதுவென்றாலும் பத்தடி தூரத்திலேயே கண்டுபிடிக்கிற கண் அது.

அந்தக் கண்ணில்தான் பிழை வந்தது. பேப்பர் வாசிக்கும்போது வரியின் அந்தம் தெரியவில்லை என்றார். படலையில் நின்ற சைக்கிளில் முட்டினார். தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணுக்குள் அழுத்தம் கூடியிருக்கிறது என்று டொக்டர் சொன்னார். போன பார்வை போனதுதான், மிச்சத்தை மருந்து விட்டுப் பிடித்து வைக்கலாம், அதுவும் ஒரு வருடமோ இரண்டு வருடமோ என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு விளக்கினார். ஓரங்களிலிருந்து இருண்டு வந்து கடைசியில் நடுவும் போகுமாம்.

பஸ்ஸில் வரும்போது அப்பா மருந்துத் துண்டைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசிக்கப் பார்த்தார். நான் மனதுக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டு வந்தேன். நாளைக்கே வேலையை விட்டாலும் ஒப்பந்தம் இன்னும் மூன்று வருடம் இருக்கும். அப்பாவின் கண் அதுவரை இருக்காது.

வீட்டுக்கு வந்ததும் கணினியைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்குப் போனேன்.

"அப்பா, ஒண்டே ஒண்டு பாருங்கோ."

"உது பிழை பிள்ளை."

"நீங்கள் பாத்தா ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும். நான் சாட்சி வைச்சனான்."

அவர் அப்படித்தான் சொல்வார் என்று எனக்குத் தெரியும். முன்பொரு காலம் அவருடைய ஒன்றுவிட்ட தமையன், வேலியோரம் அரைக் குழி நிலத்தைத் தன் பக்கம் சேர்த்து எல்லையை எழுதச் சொன்னார். அப்பா எழுதவில்லை. அந்த மனுசன் சாகும்வரை எங்கள் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. இதெல்லாம் தெரிந்திருந்தும் எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"உங்கடை சத்தியத்தை நீங்களே கட்டிப்பிடிச்சுக்கொண்டிருங்கோ. கண் போனாப் பிறகு நான் ஆருக்குக் காட்டுறது?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. அவர் முகம் மாறவில்லை. "மருந்து விடுற நேரம்" என்றார். நான் போத்தலை எடுத்து வந்தேன். அவர் தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணைத் திறந்து வைத்திருந்தார். நான் விட்ட முதல் துளி கன்னத்தில் விழுந்தது. அன்று நான் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழலாம் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அந்தப் பெண்மணி சண்டைக்காரியில்லை, ஆனாலும் கட்டை அவிழ்க்கக்கூடியவர் அவர்தான். அவருக்கு எழுதினேன். என் தகப்பனாருக்குப் பார்வை போகிறது, நான் செய்ததில் ஒன்றையாவது அவர் பார்க்க வேண்டும், ஒப்பந்தத்தில் சாட்சி வைத்தவர் என்பதால் உங்கள் சம்மதம் இல்லாமல் பார்க்க மறுக்கிறார் என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். ஒரு கிழமை, ஏழு நாளும், பதில் இல்லை. அந்தக் கிழமை நான் அம்மாவோடும் எரிந்து விழுந்தேன்.

பிறகு பதில் வந்தது. சம்மதம். கூடவே ஒரு பக்கத்தில், பார்த்ததை வெளியே சொல்ல மாட்டேன் என்ற உறுதிமொழி, அப்பா கையெழுத்து வைப்பதற்காக. அப்படியொரு தாள் இல்லாமல் உங்கள் தகப்பனார் பார்க்க மாட்டார் என்று நினைத்தேன் என்று எழுதியிருந்தார். அப்பாவை ஒருநாளும் காணாத அந்த மனுசிக்கு அவரை விளங்கியிருந்தது.

அப்பா பூதக்கண்ணாடியை வைத்து அந்தப் பக்கத்தை மூன்று தரம் வாசித்தார். பேனையை எடுத்தார். நான் முந்திக்கொண்டேன்.

"அப்பா, தையல்காரர் வேண்டாம்."

யோசித்தார். "அப்ப உன்ரை கொம்மா வைக்கட்டும். அவவும் பாக்கிறவதானே."

அப்படித்தான் அம்மாவும் கட்டுக்குள் வந்தார். கையெழுத்து வைத்த பிறகு, "இனி நான் பச்சையைப் பற்றிக் கதைக்கேலாதோ?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலை, வெளிச்சம் நன்றாக விழுகிற நேரம், கணினியை விறாந்தை மேசையில் வைத்தேன். அப்பா குளித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு வந்திருந்தார். படகுக்காரர்களின் தளத்தைத் திறந்தேன். அவர் முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோய், பூதக்கண்ணாடியை வைத்து, மேலிருந்து துண்டு துண்டாகப் பார்த்தார். ஒரு பக்கத்தை நாங்கள் ஒரு பார்வையில் பார்ப்போம். அவருக்கு அது அரை மணித்தியாலம் எடுத்தது. அம்மா அவருக்குப் பின்னால் நின்றார்.

திடீரென்று கண்ணாடியை வைத்துவிட்டு, இடது கையின் நாலு விரலைச் சேர்த்துத் திரையின் இடப்பக்கத்து வெறும் இடத்தில் வைத்து அளந்தார்.

"நாலு விரல் விட்டிருக்கிறாய்."

உறுதித் தாளில் தைப்பதற்காக இடப்பக்கம் விடுகிற அளவு அது. நான் எந்தத் தளம் செய்தாலும் இடப்பக்கம் அப்படித்தான் தாராளமாக விடுவேன். அதுதான் உன் பாணி என்று அந்தப் பெண்மணியே மெச்சியிருக்கிறார். எங்கிருந்து வந்ததென்று அந்த நிமிடம்வரை நான் யோசித்ததில்லை.

"நீலம் நல்லாயிருக்கு" என்றார். "எங்கடை கடல் மாதிரிக் கிடக்கு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கவனிக்கவில்லை. கீழே கீழே போய்க்கொண்டிருந்தார். அடியில், சின்ன எழுத்தில், வடிவமைத்தவர் என்று அந்த நிறுவனத்தின் பெயர் இருந்தது. பூதக்கண்ணாடி அங்கே வந்து நின்றது. நெடுநேரம் நின்றது.

"உன்ரை பேர் எங்கை?"

"வராது அப்பா. ஒப்பந்தத்திலை கிடக்கு."

"ஓம். ஆறாம் பக்கம்." அவருக்குத் தெரியாமலா? இருந்தும் கேட்டார். பிறகு கண்ணாடியைத் துடைத்து உறைக்குள் போட்டபடி சொன்னார்: "நான் எழுதின உறுதியளிலையும் எழுதினவனெண்டு என்ரை பேர் இல்லை. பறவாயில்லை. வேலை சுத்தம்."

பறவாயில்லை என்ற சொல்லை அவர் அவ்வளவு மெதுவாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

அப்பாவின் பார்வை டொக்டர் சொன்னதற்குச் சற்று முந்தியே போனது. அதே வருடம் அந்தப் பெண்மணியும் நிறுவனத்தை மூடிவிட்டு ஓய்வெடுத்தார். தொடர்பு முடியும்போது என்னிடமுள்ள பிரதிகளை அழிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. வேறு யாரும் அழித்திருக்க மாட்டார்கள். நான் அப்பாவின் மகள், ஒன்றுவிடாமல் அழித்தேன். முன்னறை மேசையில் இப்போது வேறு வேலைகள் செய்கிறேன், என் பெயரோடு. அப்பா செருமிக்கொண்டு கடந்து போன அந்த நாட்களைப் போல ஒன்றும் இல்லை.

போன மாதம் ஒரு காலை அப்பா கூப்பிட்டார். "இண்டையோடை மூண்டு வருசம் பிள்ளை. இனி நீ சொல்லலாம்."

நான் மறந்தே போயிருந்தேன். கண் தெரியாத மனுசன் நாள் எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறார். ஆசையோடு கணினியைத் திறந்து தேடினேன். கதிரை திருத்துகிற கடை இல்லை. நீச்சல் பள்ளியின் தளம் வேறு யாரோ புதிதாகச் செய்தது. படகுக்காரர்களின் முகவரியில் போனால் சம்பந்தமில்லாத ஏதோ விற்பனைப் பக்கம் வந்தது. நான் ஐந்து வருடம் செய்ததில் ஒரு துண்டும் உலகத்தில் மிச்சமில்லை.

அன்று பின்னேரம் தையல்காரர் வந்தார். நாள் முடிந்ததை அப்பாதான் அவருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார். இப்போது அவர் தைப்பதில்லை, பொல்லூன்றித்தான் நடக்கிறார். விறாந்தையில் இருந்ததும் கேட்டார்.

"அப்ப பிள்ளை, அண்டைக்கு நான் கையெழுத்து வைச்சது என்னத்துக்கெண்டு இனி எனக்குச் சொல்லலாந்தானே?"

"சொல்லலாம் அண்ணை. காட்டத்தான் ஒண்டும் இல்லை. எல்லாம் போட்டுது" என்றேன்.

"ஏன் இல்லை?" என்றார் அப்பா. நிமிர்ந்து இருந்தார். உறுதி வாசித்துக் காட்டும்போது வருகிற குரல் வந்தது. "ஒரு தீவுக்குப் படகு விடுற ஆக்களுக்குச் செய்தவள். வடக்கு எல்லை, படகின்ரை பேர், பெரிய எழுத்திலை. கிழக்கு எல்லை, படகு போற நேரமும் வாற நேரமும். மேற்கு எல்லை, நாலு விரல் வெறும் இடம். நடுவிலை முழுக்கக் கடல், எங்கடை கீரிமலைக் கடல் மாதிரி நீலம்."

தையல்காரர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தெற்கு எல்லை" என்று சொல்லி அப்பா நிறுத்தினார். அரைக் குழிக்கு ஒன்றுவிட்ட தமையனைப் பகைத்த மனுசன். அவர் கை மடியில் இருந்த துவாயை மடித்துக்கொண்டிருந்தது.

"தெற்கு எல்லை, என்ரை பிள்ளையின்ரை பேர்."

"இல்லை அப்பா" என்று என் வாய்வரை வந்தது. அதற்குள் தேத்தண்ணியோடு வாசலில் நின்ற அம்மா சொன்னார்:

"ஓம். நானும் கண்டனான்."